கடல் கடந்து வந்த காய்ச்சல்

அனாபிலிஸ் கொசு தான் பிறந்த நீர்நிலையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பறந்து செல்வது அரிது. ஆயினும் அது பரப்பும் மலேரியா நோய் கண்டம் விட்டுக் கண்டம் போகிறது. அதைத் தூக்கிச் செல்பவர்கள் மனிதர்களே. ஆப்பிரிக்காவிலோ தென்கிழக்கு ஆசியாவிலோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் ஒருவர் நல்ல உடல்நலத்துடன்தான் விமானம் ஏறுகிறார். பத்துப் பதினைந்து நாட்கள் கழித்துக் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வருகிறது. அவரைக் கடித்த கொசுவோ பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

இத்தகைய நோயாளிகளைப் பற்றி நீங்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அந்தக் கணக்கின் முன்னே, ஊர் திரும்பிய பயணிகளின் எண்ணிக்கை ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மருந்துக்கு மசியாத மலேரியாவின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஒரு மருந்து தோற்கத் தொடங்கிவிட்டது என்னும் எச்சரிக்கையைப் பலமுறை உலகுக்கு அறிவித்தது இந்தப் பயணிகளின் இரத்தம்தான். அது எவ்வாறு அறிவித்தது, கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதை இங்கே காண்போம்.

ஹாம்பர்க் நகரில், 1910

சின்கோனா மரப்பட்டையின் சாறு மலேரியாவைத் தணிக்கும் என்பது ஐரோப்பியருக்குப் பதினேழாம் நூற்றாண்டிலேயே தெரியும். அந்தப் பட்டையிலிருந்து குயினைன் என்னும் மருந்துப் பொருளை 1820ஆம் ஆண்டில் பெல்தியே, காவந்தூ என்ற பிரெஞ்சு வேதியியலார் இருவர் பிரித்தெடுத்தனர். நம் பாட்டனார் காலத்தில் 'கொயினா' என்று வழங்கிய கசப்பு மருந்து இதுவே. நீலகிரியில் நடுவட்டம் பகுதியில் சின்கோனாத் தோட்டங்களும் கொயினாத் தொழிற்சாலையும் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொண்ணூறு ஆண்டுகள் இம்மருந்துக்கு நிகரில்லை என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது.

1910ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரிலிருந்து ஒரு சிறிய அறிக்கை வெளிவந்தது. எழுதியவர்கள் நோக்ட், வெர்னர் என்ற மருத்துவர்கள். பிரேசில் நாட்டில் இருப்புப்பாதை வேலைக்குச் சென்று திரும்பிய தொழிலாளர்களுக்கு அவர்கள் முறைப்படி குயினைன் கொடுத்தனர். காய்ச்சல் வழக்கம்போல் அடங்கவில்லை; அடங்கியதும் திரும்பி வந்தது. அதே ஆண்டில் பிரேசில் நாட்டு மருத்துவர் ஆர்தூர் நெய்வாவும் இதே போன்ற செய்தியை வெளியிட்டார். மலேரியா ஒட்டுண்ணி ஒரு மருந்தை எதிர்த்து நிற்கும் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகள் இவை.

இங்கே ஒரு கேள்வி எழலாம். மலேரியாவே பரவாத ஒரு நகரின் மருத்துவமனை, மருந்தின் தோல்வியைக் கண்டுகொள்ள எப்படி ஏற்ற இடமாகிறது? காரணங்கள் இரண்டு. மலேரியா மண்டிய ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, சிறு வயது முதல் பலமுறை நோய் கண்டதால் ஓரளவு தடுப்பாற்றல் உண்டாகியிருக்கும். அவர்களுக்குக் கொடுத்த மருந்து பாதி வேலையே செய்தாலும் மீதியை உடலே செய்துவிடும். மருந்தின் குறை மறைந்து போகும். வெளிநாட்டிலிருந்து போனவருக்கு அந்தத் துணை கிடையாது. அடுத்து, மலேரியா ஊரில் ஒருவருக்கு இருபது நாளில் மறுபடியும் காய்ச்சல் வந்தால், அது பழைய நோயின் மிச்சமா அல்லது நேற்றுக் கடித்த கொசு தந்த புதிய நோயா என்று சொல்வது கடினம். ஹாம்பர்க்கில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. ஈரலில் உறங்கிக் கிடந்து பின்னர் விழித்தெழும் வைவாக்ஸ் வகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகையில் திரும்பி வந்த காய்ச்சலுக்குப் பொருள் ஒன்றே: மருந்து எல்லா ஒட்டுண்ணிகளையும் கொல்லவில்லை.

அலமாரியில் கிடந்த அருமருந்து

1934ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் என்ற வேதியியலார் ஒரு புதிய பொருளைத் தயாரித்தார். ரெசோசின் என்று அதற்குப் பெயரிட்டனர். நச்சுத்தன்மை மிகுந்தது என்று தவறாக முடிவு செய்து அதை ஒதுக்கியும் வைத்தனர். இரண்டாம் உலகப் போரில் ஜாவாத் தீவு ஜப்பானியர் கைக்குப் போய்க் குயினைன் வரத்து நின்றதும், அமெரிக்கர் ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதித்தனர். அப்போது அந்தப் பழைய ரெசோசின் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. குளோரோகுயின் என்று நாம் அறிவது அதைத்தான். விலை மலிவு, மூன்றே நாள் மருத்துவம், கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம்.

மருந்து மலிவாகக் கிடைத்ததும் அதை எங்கும் இறைக்கும் ஆசை வந்தது. பிரேசில் நாட்டு மருத்துவர் பினோட்டி, சமையல் உப்பிலேயே குளோரோகுயினைக் கலந்து மக்களுக்கு வழங்கும் திட்டத்தை 1950களில் தொடங்கினார். வேறு சில நாடுகளும் மருந்து கலந்த உப்பை வழங்கிப் பார்த்தன. எண்ணம் நல்லதுதான்; கணக்குத்தான் பிசகியது. உப்பை ஒருவர் மிகுதியாகவும் மற்றவர் குறைவாகவும் உண்கிறார். ஒட்டுண்ணியைக் கொல்லப் போதாத, ஆனால் அதற்குப் பழக்கம் கொடுக்கப் போதுமான அளவு மருந்து இலட்சக்கணக்கானோர் இரத்தத்தில் சுற்றிக் கொண்டிருந்தது. மருந்தெதிர்ப்பு வளர இதுவும் ஒரு காரணம் என்று கருதுவோர் பலர்.

1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் குளோரோகுயின் தடுமாறத் தொடங்கியது. தென் அமெரிக்காவிலும் அதே நிலை. கொலம்பியாவில் நோய் பற்றி வந்த இருவருக்குக் குளோரோகுயின் சரிவரப் பலன் தராததை மூர், லானியர் என்ற அமெரிக்கர் 1961இல் வெளியிட்டனர். இதுவும் கடல் கடந்து வந்த காய்ச்சலே. இந்தியாவில் 1973ஆம் ஆண்டில் அஸ்ஸாமின் இன்றைய கர்பி ஆங்லாங் மாவட்டத்தில் முதலில் கண்டறிந்தனர்.

ஆப்பிரிக்கா மட்டும் இருபது ஆண்டுகள் தப்பியிருந்தது. 1978–79இல் கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் சுற்றுலா சென்று திரும்பிய ஐரோப்பியர், அமெரிக்கர் சிலருக்குக் குளோரோகுயின் பலிக்கவில்லை என்ற செய்திகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவில் இம்மருந்தின் வீழ்ச்சியை உலகுக்கு அறிவித்தவர்கள், சிங்கத்தையும் யானையையும் காணச் சென்று வந்த பயணிகள்!

இனி நடந்ததைக் கவனியுங்கள். சில ஆண்டுகளுக்குள் மேலை நாடுகள் தங்கள் பயணிகளுக்கான அறிவுரைகளை மாற்றின. ஆனால் நோய் வந்த ஊரிலேயே வாழ்ந்த குழந்தைகளுக்கு அதே குளோரோகுயின்தான் தொடர்ந்து கிடைத்தது. முதன்முதலாக மலாவி 1993இல் அதைக் கைவிட்டது. கென்யா 1998இல் மாற்றியது, தான்சானியா 2001இல். எச்சரிக்கை வெளியான ஆண்டிலிருந்து எண்ணிப் பாருங்கள். ஏழை நாடுகளுக்கு மாற்று மருந்தின் விலை ஒரு தடை. குளோரோகுயின் காய்ச்சலைத் தற்காலிகமாகத் தணித்ததால் தோல்வி வெளியே தெரியாதது இன்னொரு தடை. செனகல் நாட்டின் சில ஊர்களில் ஆண்டுதோறும் இறப்புகளைக் கணக்கெடுத்து வந்த ஆய்வாளர்கள், குளோரோகுயின் எதிர்ப்புப் பரவியபின் மலேரியாவால் இறந்த சிறு குழந்தைகளின் தொகை பன்மடங்கு ஏறியதாக 1998இல் எழுதினர். செய்தி வந்து சேர்ந்தது. அது யாருக்கு மிகத் தேவையோ அவர்களுக்குப் பயன்படவில்லை என்றே நான் சொல்வேன்.

ஓர் எழுத்து மாறினால்

மருந்து தோற்கிறதா என்று அறிய அக்காலத்தில் நோயாளியை நான்கு வாரம் கண்காணிக்க வேண்டியிருந்தது. ஒட்டுண்ணியின் உள்ளேயே இதற்கு ஓர் அடையாளம் இருக்குமா? இந்தத் தேடலுக்கு வழி திறந்தது 1976ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் டிரேகர், ஜென்சன் இருவரும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியை மனித இரத்தச் சிவப்பணுக்களில், கண்ணாடித் தட்டிலேயே தொடர்ந்து வளர்க்கக் கற்றனர். அவர்கள் கையாண்ட உபகரணம் மிக எளிது. மூடியுள்ள கண்ணாடிச் சாடிக்குள் தட்டுகளையும் எரியும் மெழுகுவத்தி ஒன்றையும் வைத்து மூடினார்கள். மெழுகுவத்தி அணையும்போது சாடியில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடியிருக்கும். அந்தக் காற்று ஒட்டுண்ணிக்குப் பிடித்துப் போயிற்று.

அதன்பின் அமெரிக்காவில் தாமஸ் வெல்லம்ஸ் குழுவினர், மெண்டல் பட்டாணிச் செடியில் செய்ததை மலேரியா ஒட்டுண்ணியில் செய்து பார்த்தனர். குளோரோகுயினுக்கு அடங்கும் ஹோண்டுராஸ் நாட்டு வகை ஒன்று. அடங்காத இந்தோசீன வகை ஒன்று. இவ்விரண்டையும் கொசுவின் உடலில் கலப்பினம் செய்தனர். பிறந்த சந்ததிகளுள் சில மருந்துக்கு அடங்கின, சில அடங்கவில்லை. அடங்காதவை யாவும் எதைப் பொதுவாகப் பெற்றிருந்தன என்று தேடியபோது, ஒட்டுண்ணியின் பதினான்கு குரோமோசோம்களுள் ஏழாவதன் ஒரு சிறு பகுதிக்கு வந்து சேர்ந்தனர். அது 1991இல். அந்தச் சிறு பகுதிக்குள் உரிய மரபணுவைப் பிடிக்க மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2000ஆம் ஆண்டில் டேவிட் ஃபிடாக், வெல்லம்ஸ் முதலியோர் அதை வெளியிட்டனர். பதின்மூன்று துண்டுகளாகச் சிதறிக் கிடந்ததால் முதலில் கண்ணுக்குத் தப்பிய மரபணு அது.

அது என்ன செய்கிறது? சிவப்பணுவுக்குள் வாழும் ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்று வளர்கிறது. அதற்கென்று உணவுப்பை ஒன்று உண்டு. ஹீமோகுளோபின் செரிக்கும்போது ஹீம் என்னும் இரும்புச் சத்துள்ள பொருள் எஞ்சுகிறது. ஒட்டுண்ணிக்கு அது நஞ்சு. ஆகவே அதைப் படிகமாக்கி ஒதுக்கிவிடுகிறது. குளோரோகுயின் உணவுப்பைக்குள் புகுந்து இந்தப் படிகமாக்கலைத் தடுக்கிறது. ஒட்டுண்ணி தன் குப்பையிலேயே மடிகிறது. மேற்சொன்ன மரபணு, உணவுப்பையின் சுவரில் வாயில் போல் அமைந்த ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. 424 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் அது. அதில் 76ஆம் இடத்தில் லைசின் இருக்க வேண்டும். மருந்தெதிர்க்கும் ஒட்டுண்ணியில் அங்கே திரியோனின் இருக்கிறது. மரபணுவில் அடினைன் என்ற ஓர் எழுத்து சைட்டோசின் ஆனதன் விளைவு இது. வேறு சில மாற்றங்களும் இதற்குத் துணை நிற்கும். வாயில் இப்போது குளோரோகுயினை வெளியே விட்டுவிடுகிறது!

இப்படி மருந்தெதிர்ப்பைக் காட்டிக்கொடுக்கும் மாற்றத்தையே மரபணு அடையாளம் என்கிறோம். வடிகட்டும் தாளில் ஒரு துளி இரத்தத்தை வைத்து உலர்த்தித் தபாலில் அனுப்பினால் போதும். ஆய்வுக்கூடத்தில் அதிலுள்ள ஒட்டுண்ணியின் மரபணுவைப் பலகோடிப் படிகளாகப் பெருக்கி, எழுத்துகளைப் படித்துவிடுவார்கள். பல நாடுகளிலிருந்து திரும்பிய நோயாளிகள் ஒரே நகரின் மருத்துவமனைக்கு வருவதால், அங்கிருந்தே பல நாடுகளின் நிலவரத்தை ஓரளவு அறியலாம்.

இந்த எழுத்துகள் இன்னொரு இரகசியத்தையும் சொல்லின. 72 முதல் 76 வரையுள்ள ஐந்து இடங்களின் அமைப்பு ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. தென் அமெரிக்காவின் வடிவம் வேறு. தென்கிழக்கு ஆசியாவின் வடிவம் வேறு. ஆப்பிரிக்க ஒட்டுண்ணியில் இருந்ததோ ஆசிய வடிவம். மரபணுவைச் சுற்றியுள்ள பகுதிகளையும் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. அதாவது, ஆப்பிரிக்காவின் குளோரோகுயின் எதிர்ப்பு அங்கே பிறந்ததன்று. ஆசியாவிலிருந்து யாரோ ஒருவர் இரத்தத்தில் ஏறி வந்தது. அடுத்து வந்த சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் மருந்துக்கும் கதை இதேதான் என்று 2004இல் தெரிய வந்தது. ஹாம்பர்க்கில் இறங்கிய காய்ச்சல் ஹாம்பர்க்கோடு முடிந்தது. கொசு நிறைந்த துறைமுகத்தில் இறங்கிய காய்ச்சல் ஒரு கண்டத்தையே பிடித்துக்கொண்டது. இலங்கையில் உள்நாட்டு மலேரியா 2012இல் ஒழிந்து, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றும் அளித்தது. ஆயினும் அனாபிலிஸ் கொசு அங்கே இருக்கத்தான் செய்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளியையும் அவர்கள் தேடிக் கவனிப்பது இதனால்தான்.

மலாவியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். குளோரோகுயினை நிறுத்தியபின், 1992இல் நூற்றுக்கு 85 ஆக இருந்த எதிர்ப்பு அடையாளம் 2000இல் 13 ஆகக் குறைந்தது. மருந்து இல்லாத இடத்தில் மாறிய ஒட்டுண்ணி, மாறாததோடு போட்டியிட முடியவில்லை. பின்னர் அங்கு நடத்திய சோதனையில் குளோரோகுயின் கொடுத்த 80 குழந்தைகளுள் ஒருவருக்கு மட்டுமே மருந்து பலிக்கவில்லை என்று 2006இல் வெளியிட்டனர். அடையாளம் சொன்னது மெய்யாயிற்று.

கெல்ச்-13

குளோரோகுயினுக்குப்பின் உலகைக் காத்து வருவது சீனத்தின் ஆர்ட்டிமிசினின். பழைய மருத்துவ நூல்களை ஆராய்ந்து ஒரு மூலிகையிலிருந்து இதைப் பெற 1970களில் வழிகாட்டிய டு யூயூ அம்மையாருக்கு 2015இல் நோபெல் பரிசு கிடைத்தது. இம்மருந்தையும் மேற்குக் கம்போடியாவின் ஒட்டுண்ணி எதிர்க்கத் தொடங்கியதை 2008, 2009 ஆண்டு ஆய்வுகள் காட்டின. இந்த எதிர்ப்பு வேறு மாதிரி. மருந்து முற்றாகத் தோற்பதில்லை. இரத்தத்திலிருந்து ஒட்டுண்ணி மறைய அதிக நேரம் ஆகிறது. கூட்டு மருந்தின் மேல் சுமை ஏறுகிறது.

இதன் அடையாளத்தைக் கண்டறிந்த முறை பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. தான்சானிய ஒட்டுண்ணி ஒன்றை ஐந்து ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் ஆர்ட்டிமிசினினோடு வளர்த்து, எது மாறியது என்று பார்த்தனர். கெல்ச்-13 என்னும் மரபணு அகப்பட்டது. கம்போடிய நோயாளிகளின் இரத்தத்திலும் அதே மரபணு மாறியிருந்தது. முடிவு 2014இல் அச்சேறியது.

முன்போல் ஆசிய வடிவம் ஆப்பிரிக்காவுக்கு வருமோ என்று எல்லாரும் எதிர்பார்த்திருந்தனர். 2017இல் சீனத்திலிருந்து வந்த செய்தி வேறாக இருந்தது. ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினியாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரின் இரத்தத்தில் ஒட்டுண்ணி மெதுவாகவே மறைந்தது. கெல்ச்-13இன் 579ஆம் இடம் மாறியிருந்தது. கம்போடியாவில் பரவிய மாற்றம் 580ஆம் இடத்தில். ஒட்டுண்ணியின் பிற பகுதிகளோ ஆப்பிரிக்க வகையைச் சேர்ந்தவை. ஆக, இம்முறை எதிர்ப்பு ஆப்பிரிக்க மண்ணிலேயே பிறக்கக்கூடும் என்பது தெரிந்தது. இதையும் சொன்னவர் ஊர் திரும்பிய ஒரு பயணியே.

அடையாளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. அதே 2017இல் பிரிட்டனில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நான்கு நோயாளிகளுக்கு ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் கூட்டு மருந்து பலிக்கவில்லை. அவர்களின் ஒட்டுண்ணியில் கெல்ச்-13 மாறாமல் இருந்தது. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பயணிகள் விரும்பி உண்ணும் அடோவாகுவோன்–புரோகுவானில் மருந்து, நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நோய் பற்றி பிரிட்டன் திரும்பிய ஒருவரிடம் தோற்றதை 2002இல் வெளியிட்டனர். ஒட்டுண்ணியின் மைட்டோகாண்டிரியாவிலுள்ள சைட்டோகுரோம்-பி மரபணுவின் 268ஆம் இடம் மாறியிருந்தது. படித்தவர் அஞ்சினர். ஆனால் இவ்வகை மாற்றம் பெற்ற ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர இயலாமல் தவிக்கிறது என்று 2016இல் காட்டினர். மனிதனின் இரத்தத்தில் மைட்டோகாண்டிரியாவின் குறையைச் சமாளிக்கும் ஒட்டுண்ணிக்குக் கொசுவின் வயிற்றில் அதன் முழுச் செயல்பாடு இன்றியமையாதது. ஆகவே அந்த எதிர்ப்பு பெரும்பாலும் அந்த நோயாளியோடு நின்றுவிடுகிறது.

2020இல் ருவாண்டாவிலிருந்து அடுத்த செய்தி வந்தது. கெல்ச்-13இன் 561ஆம் இடத்தில் மாறிய ஒட்டுண்ணி உள்நாட்டு நோயாளிகளிடையே பரவி வந்தது. அது ஆப்பிரிக்காவிலேயே தோன்றிய வகை. உகாண்டாவும் எரித்திரியாவும் தத்தம் வகைகளை அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அறிவித்தன. ருவாண்டா அறிக்கையின் முதல் ஆசிரியரான அலீன் உவிமானா அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிலையத்தைச் சேர்ந்தவர். பயணி எவரும் ஐரோப்பாவுக்குச் சென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஆய்வுக்கான இரத்தத் துளிகளைச் சேகரித்தது 2013 முதல் 2015 வரை. அவை பேசியது கேட்க ஐந்து ஆண்டுகள் ஆயின. கென்யா ஒரு மாத்திரையை மாற்ற எடுத்துக்கொண்டது பத்தொன்பது ஆண்டுகள்.